கறள் பிடித்த கார்களின் சொந்தக்காரருக்கு ஒரு திறந்த மடல்

வல்வெட்டித்துறையில் இருக்கும் குடும்பங்களுக்கும், ஊரைவிட்டு லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ, சென்னை என்று போய்விட்ட எங்கள் உறவுகளுக்கும்,

உங்கள் வளவின் பின்பக்கத்துக் கொட்டிலில், நாலு ரயரும் காற்றுப்போய் நிற்கிற அந்தக் காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது ஒஸ்ரின் ஏ-40 ஆக இருக்கலாம்; மொறிஸ் மைனராக, மொறிஸ் ஒக்ஸ்போட்டாக, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜாக இருக்கலாம். அதை வாங்குவதற்கு யாரோ ஒருவர் ஏற்கனவே வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருப்பார். இல்லாவிட்டால் இனி வருவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் நாட்டில் உருளக்கூடிய எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. பழைய கார் சேகரிக்கிறவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்காத கார்களைப் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் கேட்கிறார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். விற்காதீர்கள், திருத்துங்கள். அதையும் அந்த வளவிலேயே வைத்துத் திருத்துங்கள். இந்தக் கார்களின் உடம்பை அறிந்த கைகள் வடமராட்சியில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கும் வயதாகிவிட்டது. அடுத்த பத்து வருடத்தில் கார் இருக்கும், உதிரிப்பாகமும் கிடைக்கும், ஆனால் சொல்லித்தர ஆள் இருக்காது.

இந்தக் கார்கள் என்ன பாடுபட்டவை என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. 1990 யூனில் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு, பெற்றோலும் டீசலும் பற்றரியும் வடக்குக்கு வரத் தடை போடப்பட்டது. உள்ளுக்குக் கிடைத்த பெற்றோல் போத்தல் கணக்கில், எட்டாத விலையில் விற்றது. அப்போதுதான் எங்கள் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது; தீப்பொறி பட்டாலும் பற்றாது. ஆகவே காபரேற்றருக்கு முதலில் கொஞ்சம் பெற்றோலைக் கொடுத்து, கைப்பிடி போட்டுச் சுற்றி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடையில் நின்றுவிட்டால் மறுபடியும் அந்தச் சின்னப் போத்தலைத் தேடவேண்டும். வெள்ளைப் புகையும் கண்ணைக் கரிக்கும் மணமுமாக, அந்தக் கார்கள் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாச்சிகளைக் கொண்டுபோயின. கல்யாண மாப்பிள்ளையையும் காயப்பட்டவரையும் ஒரே பின்சீற்றில்தான் ஏற்றின.

ஏன் பழைய கார்களால் மட்டும் அது முடிந்தது? அவற்றின் அமுக்க விகிதம் குறைவு, ஏழுக்கு ஒன்று என்ற அளவு. பிறகு வந்த எஞ்சின்களில் மண்ணெண்ணெயை ஊற்றினால், தீப்பொறியின் சுவாலை பரவி முடியுமுன்னரே மீதிக் கலவை தானாக வெடித்துப் பிஸ்ரனை அடித்துக் கெடுத்துவிடும். 1952 முதல் 1954 வரை பிரிட்டனின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஏ-40 சோமர்செற், 1200 சீசீ எஞ்சினோடு, முன்னால் கைப்பிடி போடத் துளையோடு வந்தது. பற்றரிக்குத் தடை இருந்த ஊரில் அந்தத் துளைதான் காரைக் காப்பாற்றியது.

அந்த ஓட்டத்துக்கு எஞ்சின்கள் கொடுத்த விலையைத் திறந்து பார்க்கும்போது காண்பீர்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அளவுக்கம்பியில் ஒயில் கூடியது போலத் தெரியும். உண்மையில் அது நீர்த்துப்போய்ப் பெயறிங்குகளைத் தின்றுகொண்டிருக்கும். பிஸ்ரன் தலையில் கறுப்புக் கரி கல்லாக இறுகியிருக்கும். வளையங்கள் பிசின் பிடித்து அசையாது. இறுகிய எஞ்சினைக் கண்டதும் மனம் தளரவேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு, நாட்கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு கைப்பிடியால் மட்டும் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ட்ராக்டரில் கட்டி இழுத்து எஞ்சினைச் சுற்றவைக்க ஆசைப்படுகிறவர் ஒருவர் எல்லா வளவிலும் இருப்பார். அவரைத் தேத்தண்ணி கொடுத்து இருத்திவையுங்கள். வளையம் உடைந்தால் சிலிண்டர் சுவரைக் கீறும்; அதன் பிறகு செலவு பலமடங்கு.

எஞ்சினைவிடப் பெரிய வேலை உடம்பில் இருக்கிறது. எங்கள் ஊர் வடக்கு நோக்கிய கடற்கரை. வாடைக்காற்று மாதக்கணக்காக உப்பைக் கொண்டுவந்து எல்லா இரும்பிலும் தடவும். கறள் வெளியில் தெரிகிற இடத்தில் தொடங்குவதில்லை. தகடும் தகடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்த மடிப்பிலும், கதவின் உட்பக்க அடியிலும், மட்காட்டுக்கு மேலே சேறு ஒட்டியிருந்த மூலையிலும் தொடங்கும். பெயின்ற் மேலே கொப்புளம் போட்டிருந்தால், உள்ளே தகடு பெரும்பாலும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கை. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். அந்தத் தண்ணீரால் காரைக் கழுவினால் நீங்களே உப்பு ஏற்றுகிறீர்கள். கறளைச் சுரண்டிய பின்னும் தகட்டின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ற் அடித்தாலும், அடுத்த மாரிக்கு அது மீண்டும் கொப்புளம் போடும். மழைத் தண்ணீரைப் பிடித்துவையுங்கள், அல்லது நல்ல தண்ணீர் வாங்குங்கள். பலமுறை கழுவி, வெயிலில் நன்றாக உலரவிட்டு, அன்றைக்கே முதல் பூச்சை அடித்துவிட வேண்டும். இராத்திரி வெறும் தகடாக விட்டால் விடியும்போது செம்மஞ்சள் படிந்திருக்கும். தறப்பாளால் இறுக்கி மூடுவதும் ஆகாது. நிலத்திலிருந்து எழும் ஈரம் உள்ளேயே தங்கிக் காரை வேகவைக்கும். காற்றுப் போய்வரும் கிடுகுக் கொட்டில் அதைவிட எவ்வளவோ மேல்.

சின்னச் சின்னப் பாகங்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய முறை ஒன்று இருக்கிறது. பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் விட்டு, சலவைச் சோடா கரைத்து, ஒரு பழைய இரும்புத் துண்டைப் பற்றரி சார்ஜரின் நேர்முனையிலும் கறள் பிடித்த பாகத்தை எதிர்முனையிலும் கட்டி, இரண்டும் முட்டாமல் தொங்கவிடுங்கள். ஒரு இரவில் கறள் கரும்பொடியாகக் கழன்றுவிடும். நல்ல இரும்பு தேயாது. இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், ஐதரசன் வாயு வரும். கறளில்லா உருக்குக் கரண்டியை நேர்முனையில் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரை நஞ்சாக்கும்.

இனி, நீங்கள் வைத்திருப்பது எந்தக் கார் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. ஏ-40 சோமர்செற்றுக்குத் தனியான செசி உண்டு. உடம்பு அதன்மேல் போல்ட் போட்டு இருத்தப்பட்டது. அயலில் உள்ள இளந்தாரிகள் சேர்ந்து பனங்கம்பு கொடுத்து உடம்பைத் தூக்கி அப்பால் வைத்துவிடலாம். செசியைத் தட்டிப் பார்த்து, சத்தம் கிண்ணென்று வரும் இடங்களை விட்டு, மொத்தென்று கேட்கிற இடங்களை மாற்றினால் போதும். மொறிஸ் மைனர் அப்படியல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காருக்குத் தனிச் செசி கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிகளும், குறுக்கே போகும் வளையும்தான் அதன் எலும்பு. பிரிட்டனில் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அது. அதே காரணத்தால் உலகம் முழுக்க எங்கே கறள் பிடிக்கும் என்று தெரிந்த காரும் அதுதான். இரண்டு பக்கப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதன் பிறகு கதவு ஒருபோதும் ஒழுங்காகச் சாத்தாது.

எங்கள் ஊர் மேஸ்திரிமார் கப்பலுக்குப் பலகை மாற்றிய முறையையே இங்கேயும் பிடியுங்கள். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் பொருத்தி இறுக்கிய பிறகே அடுத்ததில் கை வைப்பது. அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டிய ஊர் இது. 1938இல் எங்கள் மாலுமிகளோடு கடல்களைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கப்பல் அது. பெரிய தொழிற்சாலை இல்லாமல், கடற்கரையில் வைத்துப் பெரிய வேலை செய்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஒரு காரின் தரைத்தகட்டை வளவுக்குள் வைத்து மாற்றுவது எங்களால் முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

மைனருக்குக் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக ஒட்டி அளவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக வெட்டுங்கள். போன இடத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுக்க வேண்டும். கறளின்மேல் தகட்டை வைத்து ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, பளபளவென்று பெயின்ற் அடித்துக் கொடுக்கிற வேலை இப்போது நிறைய நடக்கிறது. கல்யாணப் படத்துக்கு அது போதும். ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்தத் தரை பிளக்கும். அப்படிச் செய்வதைவிடக் காரைக் கறளோடு விட்டுவிடுவதே மேல். கறளாவது எங்கே பழுது என்று மறைக்காமல் சொல்லும்.

சில ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவேண்டாம்; இரும்புத் தாங்கிகளோ நல்ல பனங்குற்றிகளோ கொடுத்துவிட்டுப் போங்கள். பெற்றோல் தாங்கி எத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்தாலும் அதில் வெல்டிங் தீ வைக்கக்கூடாது. பழைய பிறேக் லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கவேண்டும், சின்னப்பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

எங்கள் பழக்கத்தோடு நேரடியாக மோதுகிற விஷயமும் ஒன்று உண்டு. எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவது எங்களுக்குக் கைப்பழக்கம். பிறேக் பாகங்களை அதில் கழுவவே வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும். பெடலை மிதித்த இடத்தில் பிறேக் பிடித்தபடியே நின்றுவிடும், அல்லது பிடிக்காமலே போய்விடும். பிறேக் ஒயிலாலோ மெதிலேற்றட் ஸ்பிரிற்றாலோ மட்டும் கழுவுங்கள். இன்னொன்று, இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இப்போதைய வாகனங்களை மட்டும் பார்த்த எலெக்ற்றிசியன் மாற்றிப் பூட்டிவிடுவார்; முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நட்டுகளும் மில்லிமீற்றர் அளவில் இல்லை. பொருந்தாத ஸ்பனர் போட்டு உருட்டிவிட்டால் அந்த நட்டை வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

உதிரிப்பாகத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். அந்தப் பயம் தேவையில்லை. மைனரின் உடம்புத் தகடுகளை இலங்கையிலேயே செய்திருக்கிறார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், தனபால சமரசேகர என்ற இலங்கையரோடு சேர்ந்து 1990களில் தெற்கில் அதற்கென்று ஒரு தொழிலகம் தொடங்கினார். நாங்கள் மண்ணெண்ணெயில் மைனரை இழுத்துக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை. கேம்பிறிட்ஜும் ஒக்ஸ்போட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சென்னை கைகொடுக்கும். ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வரிசைதான் இந்தியாவில் அம்பாசடர் ஆகி 2014 வரை செய்யப்பட்டது. இந்த மூன்றுக்கும் பொதுவான 1489 சீசீ எஞ்சினின் பாகங்கள் அங்கே தேடினால் அகப்படும். சென்னையில் இருக்கும் எங்கள் ஆட்கள் அந்த வேலையை எடுத்துச் செய்யலாம்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னும் இலகு. மொறிஸ் மைனருக்கும், சோமர்செற் உட்பட்ட அந்தக்கால ஒஸ்ரின்களுக்கும் அங்கே உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. கண்ணாடி ரப்பர், சக்கரச் சிலிண்டர் ரப்பர், காபரேற்றர் கஸ்கற், பழுதுபார்க்கும் கைநூல் எல்லாம் அங்கே கேட்டு வாங்கிப் பயணப்பெட்டியின் மூலையில் வைத்துக் கொண்டுவரலாம். சொக்லேற் கொஞ்சம் குறையட்டும்.

யப்பான் கார்கள் வந்தபிறகு இவை எதற்கு என்று கேட்கும் மருமக்களுக்கு ஒரு தகவல். 1952இல் நிசான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த வருடம் முதல் இதே ஏ-40 சோமர்செற்றைத்தான் யப்பானில் பொருத்தி விற்றது. கொட்டிலில் நிற்பது அவர்கள் படித்த பாடப்புத்தகம்.

கடதாசி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இறந்துபோன பாட்டன் பெயரில் இருந்தால், உரித்துக்காரர் எல்லோரும் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதித்த தகடுகளைக் கறள் சுரண்டும் அவசரத்தில் தேய்த்துவிடவோ, கழற்றித் தொலைத்துவிடவோ கூடாது. அவை போனால் கார் சட்டத்தின் முன் இல்லை. வீதிக்கு இறக்க, காப்புறுதியும் புகைச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெறவேண்டும்.

இலக்கத் தகட்டை மாற்றவும் வேண்டாம். இ.எல்., இ.என்., இ.வை. என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் தகடு இருந்தால், உங்கள் கார் சிங்களச் சிறீ எழுத்துத் தகடுகள் வருமுன்னரே பதியப்பட்டது. அந்த எழுத்துக்காக 1958இல் இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்துக்கு முந்திய பொருள் ஒன்று உங்கள் வளவில் நிற்கிறது. அதன் தகட்டைப் புதிதாக எழுதி மினுக்குவது எனக்குச் சம்மதமில்லை; துடைத்து, எண்ணெய் தடவி, அப்படியே மாட்டுங்கள்.

எவ்வளவுக்குப் புதுப்பிப்பது என்பதில்தான் நான் பலரோடு முரண்படுகிறேன். கண்காட்சிக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைப்போல இருக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கார்கள் வேறு வாழ்க்கை வாழ்ந்தவை. எங்கள் கார்களில் சிலவற்றின் கதவில் செல் சன்னம் போன துளை இருக்கிறது. 1987இலும் 1989 ஓகஸ்டிலும் இராணுவ நடவடிக்கைகளின்போது இந்த ஊரில் எரிந்தவை போக மிஞ்சியவை இவை. தாங்கும் இரும்பு எதுவோ, பிறேக் எதுவோ, ஸ்ரியறிங் எதுவோ, அங்கே ஒரு விட்டுக்கொடுப்பும் கூடாது, புதியதுபோல ஆகவேண்டும். கதவின் வெளித்தகட்டில் உள்ள சன்னத் துளையை நான் மூடமாட்டேன். விளிம்பைச் சுரண்டி, எபொக்சிப் பூச்சால் அடைத்து, கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்துவைத்தால், அதனால் காருக்குக் கேடில்லை. மண்ணெண்ணெய்க்கென்று பூட்டிய இரண்டாவது குழாயும் திருகும் இருந்தால் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே இருக்கவிடுங்கள். தும்பு அடைத்த சீற்றும் அப்படித்தான். அதைப் பிய்த்து நுரை மெத்தை போட்டால் இருக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தும்பை அடைத்தது யார் என்று உங்கள் வீட்டில் இன்னும் யாருக்கோ தெரியும்.

காரை ஏற்றிக்கொண்டுபோய்த் தூரத்துக் கராச்சில் விட்டு, காசை அனுப்பி, முடிந்ததும் வாங்குவதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அப்படிச் செய்யும்போது யாருக்கும் ஒன்றும் தெரியவராது. வளவில் வைத்துச் செய்தால் வயதான மெக்கானிக் ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே சொல்லுவார். தம்பிமார் லைற் பிடிப்பார்கள். பிறகு ஸ்பனரைப் பிடிப்பார்கள். காபரேற்றரின் சத்தத்தைக் கேட்டு எந்தத் திருகு எவ்வளவு என்று சொல்கிற காது புத்தகத்தில் வராது. அவருக்கு நாட்கூலியை மரியாதையாகக் கொடுங்கள். வேலை நடக்கும்போது கைபேசியில் பதிவு செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து, நட்டும் போல்ட்டும் கலந்துபோகாமல் பிஸ்கற் ரின்களில் பெயர் எழுதிப் போட்டுவையுங்கள். செலவை ஒரே வருடத்தில் சுமக்கவேண்டியதில்லை. முதலில் கறளை நிறுத்துவது, பிறகு தரையும் செசியும், பிறகு பிறேக், எஞ்சின், கடைசியில் பெயின்ற். இடையில் காசு முடிந்தால் காத்திருங்கள்; பூச்சு அடித்த தகடு காத்திருக்கும்.

தைப்பொங்கலுக்குப் பட்டத் திருவிழா பார்க்க வெளிநாட்டிலிருந்து பலர் வருகிறீர்கள். அப்போது தொடங்கலாம். கொட்டில் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். முதல் நாள் ஒன்றையும் கழற்றவேண்டாம். கதவைத் திறந்து, தரை விரிப்பை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, ஒரு பழைய ஸ்குறூட்றைவரால் தரைத்தகட்டையும் கதவடிப் பெட்டிகளையும் ஓரமிருந்து ஓரம்வரை குத்திப் பாருங்கள். எங்கெங்கே இறங்குகிறதோ அங்கெல்லாம் சோக்கால் வட்டம் போடுங்கள். பிறகு அந்த வட்டங்களையும், செசி இலக்கத் தகட்டையும், எஞ்சினின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். மெக்கானிக் ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சோமர்செற் வைத்திருக்கும் உங்கள் ஊரவன்,
வல்வெட்டித்துறை.